ரேடியோவுக்கு எழுதிய லீவ் லெட்டர்

கம்பெனியிலிருந்து பதில் வந்த அன்று வீட்டில் அம்மா இருந்தாள், சித்தப்பா இருந்தார், சேதி கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு மதினி இருந்தாள். அப்பா இல்லை, தறி ஓட்டும் செட்டில் பகல் ஷிப்ட். கடிதம் ஆங்கிலத்தில் இருந்ததால் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான்தான் அங்கே பெரிய மனிதன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

அப்பா ஆசைப்பட்டு வாங்கிய டிரான்சிஸ்டர் மூன்றே மாதத்தில் ஊமையாகிவிட்டது. ஒரு வருஷ கேரண்டி அட்டை இருந்தது. விற்ற கடைக்காரரோ, கம்பெனிக்கு எழுதிப்போடச் சொல்லிவிட்டார். எனக்கு எழுதத் தெரிந்த ஒரே ஆங்கிலக் கடிதம் லீவ் லெட்டர். அதையே எழுதினேன். காய்ச்சல் வந்தது எனக்கல்ல, ரேடியோவுக்கு என்று மாற்றி, ‘தங்கள் கீழ்ப்படிந்த மாணவன்’ என்றே முடித்திருந்தேன். அந்த மகராசர்கள் அதற்கும் பதில் போட்டிருந்தார்கள்.

“வாசிலே, கேப்போம்” என்றார் சித்தப்பா. என் படிப்பை நிறுத்தித் தறிக்கு அனுப்பச் சொல்லி அப்பாவோடு ஒரு வருஷமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர் அவர். தட்டச்சில் எட்டு வரி. ரேடியோ, பதினைந்து நாள், இலவசம், இவ்வளவுதான் எனக்குப் பிடிபட்டது. மீதியை நானே நிரப்பினேன்.

“பதினஞ்சு நாளைக்குள்ள கம்பெனி ஆளு வீட்டுக்கே வந்து ஓசியில சரி பண்ணித் தருவாராம்.”

அந்த ஆளுக்காக அம்மா காப்பித்தூளும் சீனியும் தனியாக எடுத்து வைத்தாள். வேலை முடிந்து வந்த அப்பா கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பத்து நாள் போயிற்று. சாப்பிட உட்காரும்போதெல்லாம் சித்தப்பா ஆரம்பித்துவிடுவார்: “ஏலே, ஒங் கம்பெனிக்காரன் சிவகிரி வரைக்கும் வந்துட்டானாம். வழி தெரியாம நிக்கானாம், போய்க் கூட்டிட்டு வா.” பிறகு அப்பாவிடம் திரும்புவார். “பதினஞ்சாம் நாளு வரைக்கும் பாப்போம்ணே. ஆளு வரலேன்னா பயலத் தறிக்கு அனுப்பிரு.”

பதினான்காம் நாள் அப்பா லீவு போட்டார். ரேடியோவை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். சாயங்காலம் தெருமுனையிலேயே பாட்டுச் சத்தம் கேட்டது.

“கம்பெனி ஆளு பஸ் ஸ்டாண்டுல நின்னாரு. வீட்டுக்கு வர நேரமில்லயாம். அங்கன வச்சே சரி பண்ணிக் குடுத்துட்டாரு” என்றார் அப்பா.

சித்தப்பா ரேடியோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து போய்விட்டார். அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. “ஒரு வாய் காப்பி குடிக்காமப் போயிட்டாரே!” அடுத்த இரண்டு மாதம் அப்பா கடை டீயையும் பீடியையும் நிறுத்திவிட்டார். பாட்டுக் கேட்டாலே போதுமாக இருக்கிறது என்றார். நானும் நம்பினேன். என் ஆங்கிலத்தை நானே மெச்சிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

இப்போது கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுவது என் பிழைப்பு. தவறு நேர்ந்தால் திரையில் வரவேண்டிய ஒரு வரியை எழுதுவதற்குள், மூன்று சொல் மட்டும் புரிகிற யாரோ ஒருவன் நினைவுக்கு வந்து நாலு முறை அடித்து எழுதுகிறேன்.

பழைய ரேடியோக்களைப் பிரித்துப் பார்ப்பது பொழுதுபோக்கு. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அந்த டிரான்சிஸ்டரின் முதுகைக் கழற்றினேன். உள்ளே ராஜபாளையத்து ரிப்பேர் கடைச் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. அப்பாவிடம் காட்டினேன். சிரித்தார்.

“கடுதாசி வந்த மறுநாளே தறி செட்டுக் கணக்குப்பிள்ளைட்ட வாசிக்கக் குடுத்தேன் மக்கா. ரேடியோவப் பதினஞ்சு நாளைக்குள்ள பார்சல்ல அனுப்புங்க, ஓசியில சரி பண்ணித் தாரோம்னுதான் எழுதியிருந்தான். பார்சல் போட்டா, நீ வாசிச்சது தப்புன்னு ஒஞ் சித்தப்பனுக்குத் தெரிஞ்சு போகும்லா?”

சீட்டை வெளிச்சத்தில் பிடித்தேன். மை மங்கியிருந்தது. ஸ்பீக்கர் மாற்றியது, கூலி சேர்த்து, முப்பத்தெட்டு ரூபாய்.