மெதுவாகக் குணமாகட்டும் வில்வம்

மழை விட்ட பிறகு, தாராவியில் எங்கள் வாசல் நீல டிரம்மில் நிற்கும் வில்வத்துக்குக் கரும்புள்ளி வந்துவிட்டது. புள்ளி விழுந்த இலையைச் சிவனுக்கு எப்படிச் சார்த்த? தாதர் மார்க்கெட்டில் வாங்கினேன். வீட்டில் வில்வத்தை வைத்துக்கொண்டு கடையில் வாங்குவது, உலை கொதிக்கும்போது அடுத்த வீட்டில் சோறு கேட்பதுபோல இருந்தது. மாட்டுங்கா கோவிலில் வேண்டிக்கொண்டேன்: "செடி சுகமாகட்டும் அப்பனே, முதல் நல்ல இலை உனக்குத்தான்."

வீட்டில் இதைச் சொன்னதும் என் மகள் தலையில் கைவைத்தாள். காலேஜில் இலைமேல் வாழும் பூஞ்சைகளை ஆராய்கிறவள் அவள்.

"அம்மா, அது இப்ப சுகமாகக் கூடாதும்மா."

"ஏட்டி, வாயைக் கழுவு."

பிறகு விளக்கினாள். இந்தப் புள்ளியைப் போடும் பூஞ்சையை அந்தக் காலத்தில் கண்ணால் பார்த்து ஒரு குடும்பத்தில் சேர்த்துவிட்டார்களாம். இவள் நம் வில்வ இலையைக் கொண்டுபோய் மரபணு பார்த்தால், அது வேறு குடும்பத்துப் பிள்ளையாம்.

"பார்த்தா ஒண்ணு, உள்ள ஒண்ணு. உங்க அம்மை மாதிரின்னு சொல்லு" என்றார் என் வீட்டுக்காரர், பேப்பரிலிருந்து தலை தூக்காமல்.

ஆனால் மரபணு மட்டும் போதாதாம், உருவமும் சாட்சி சொல்லவேண்டுமாம். புள்ளிக்குள் பூஞ்சையின் வித்து பழுத்து, அதை மைக்ராஸ்கோப்பில் பார்க்கணும். அதுவரை இலை செடியிலேயே இருக்கணும். தரையில் உதிர்ந்தால் வேறு பூசணம் ஏறிவிடும். வித்து கிடைக்காவிட்டால் அவளுடைய இத்தனை நாள் உழைப்பும் வெறும் சந்தேகமாக நின்றுவிடும்.

"வேண்டியாச்சேட்டி, என்ன செய்ய?"

"கேன்சல் பண்ணு. ரயில் டிக்கெட்டையே பண்ணுதோம்" என்றார் அவர்.

சாமியிடம் கேன்சல் என்று எந்த வாயால் சொல்ல? திரும்பப் போய் நின்று, "குணமாக்கு. ஆனா மெதுவா" என்றேன். குருக்கள் காதில் விழுந்துவிட்டது. "எல்லாரும் சீக்கிரம் சீக்கிரம்னு உயிரை எடுக்கறா. நீங்க ஒருத்தர்தான் மெதுவாங்கறேள்" என்று சிரித்தார்.

சிவன் பாதிதான் கேட்டான். பளபளவென்று கொழுந்து விட்டது. புள்ளி இலைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கடைசியாக ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. பூக் கட்டும் வாழைநாரை எடுத்து அதன் காம்பைக் கிளையோடு கட்டினேன். நோய் பிடித்த இலைக்குக் காவல் இருந்தவள் இந்த பம்பாயில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்த ஒரே இலையில் வித்து பழுத்தது. மகள் போனில் படம் காட்டினாள்: நெருக்கமாகக் கட்டிய பூச்சரம்போல இருந்தது. மரபணு சொன்னதையே உருவமும் சொல்லிவிட்டதாம். பூஞ்சைக்குக் குடும்பம் மாறப்போகிறது.

திங்கட்கிழமை வில்வம் பறிக்கக் கூடாது என்பதால் ஞாயிறு காலையே கூடையோடு வாசலுக்குப் போனேன். பின்னாலேயே வந்தாள்.

"அம்மா, ஒப்பிட்டுப் பார்க்க நல்ல இலையும் ஒண்ணு வேணும்."

"முதல் இலை சாமிக்குச் சொன்னது. லைன்ல நில்லு."

நின்றாள்.