மஞ்சள் டிரே

அம்பத்தூர் எஸ்டேட்டில் பதினோரு வருடமாக நாகவல்லிக்கு ஒரே வேலை. கார் உதிரிப் பாகத்தைக் கேஜில் வைத்து அளக்க வேண்டும். சரியாக இருந்தால் பச்சை டிரே, தேறவே தேறாது என்றால் சிவப்பு, தேய்த்துச் சரிசெய்யலாம் என்றால் மஞ்சள். தான் அளக்காத எதையும் அவள் பச்சையில் போட்டதில்லை.

அந்த நாகவல்லி முகப்பேர் கல்வி மையத்தில் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தாள். அஞ்சல்வழியில் எம்.ஏ. சமூகவியல், இன்று வாய்மொழித் தேர்வு. தேறினால் இந்த மாதமே சூப்பர்வைசர் வேலைக்கு எழுதிப்போடலாம். மடியில் ஆய்வேடு: ஷேர் ஆட்டோவில் வேலைக்குப் போகும் பெண்கள். டைப் அடித்து பைண்ட் செய்த ஜெராக்ஸ் கடை ஜெகதீஷே மையத்திலும் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டான். தன்னுடையதை அவள் இப்போதுதான் பிரிக்கிறாள்.

நாற்பத்திரண்டாம் பக்கத்தில் ஒரு அட்டவணை. அவள் பேசியது முப்பது பெண்களிடம். அட்டவணையில் இருநூறு பேர்.

போன் போட்டாள். "இன்னாடா ஜெகதீஷு இது?"

"யக்கா, அறுவது பக்கம் கேட்டாங்கல்ல? உன்து நாப்பத்தொண்ணுதான் கீது. வேற ஒருத்தர்து இருந்துச்சு, ரொப்பி உட்டேன். எவன் படிக்கப்போறான்? தில்லா போக்கா!"

உள்ளே கூப்பிட்டார்கள்.

"பெண்கள் ஏன் முன்சீட்டில் உட்காருவதில்லை?" என்றார் தேர்வாளர் கிருபாகரன்.

"டிரைவர் முழங்கை இடிக்கும் சார். அதுக்காக ரெண்டு வண்டிய விட்டுட்டு நிப்பாங்க. லேட்டானா கம்பெனியில அரை நாள் சம்பளம் கட்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பக்கங்களைத் தள்ளினார். "இருநூறு பேரா! நல்ல உழைப்பு." பேனா மூடியைக் கழற்றினார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பேனா முனை தாளைத் தொடப்போனது.

"சார், ஓகே போடாதீங்க. நாப்பத்தொண்ணு வரைக்கும்தான் என்னுது. மிச்சம் நான் அளக்காதது."

"அளக்காததா?"

சொன்னாள், ஒன்று விடாமல். அவர் முகம் இறுகியது. "இதை மொத்தமா ரத்து பண்ணலாம், தெரியுமா?"

"தெரியும் சார்."

முதல் நாற்பத்தொரு பக்கங்களை மட்டும் அவர் மறுபடி புரட்டினார். ஃபேன் கடகடத்தது. கடைசியில் பேனாவை மூடினார். "ஆறு மாசம் கழிச்சு வாங்க. உங்களுது மட்டும் இருக்கணும்."

வாசலில் ஸ்கூட்டியோடு நின்றாள் லாவண்யா, அவளோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்ப்பவள். "இன்னாக்கா, பச்சையா சிவப்பா?"

"மஞ்சள்."

"அய்யே! அப்போ சூப்பர்வைசரு?"

"அத்த வுடு. குமணன்சாவடி ஷேர் ஆட்டோ ஸ்டாண்டுக்கு வண்டிய எடு. இன்னும் நூத்தியெழுவது பேரு கீறாங்க."