தம்பி நாக்குக்கு அம்மா போட்ட காவல்

தம்பிக்கு யாரும் இனிப்பு கொடுக்கக் கூடாது என்பது அம்மா போட்ட சட்டம். ஜப்பான்காரன் போட்ட சட்டங்களுக்கு மலாக்காவே நடுங்கிக் கிடந்த காலம் அது. சிப்பாயைக் கண்டால் இடுப்பு வளையக் குனிய வேண்டும். இருட்டினால் விளக்கைத் துணி போட்டு மூட வேண்டும். அதையெல்லாம் எங்கள் அத்தை ஒரு குறையும் வைக்காமல் செய்தாள். அம்மாவின் சட்டத்தை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை.

அத்தை என்றால் அப்பாவுக்கு மூத்தவள். கிளேபாங்கில், கடலை ஒட்டிய தென்னந்தோப்புக்குள் வீடு. அவள் வீட்டுக்காரர் தென்னை ஏறிப் பதநீர் இறக்குவார். அத்தை அதைக் காய்ச்சி, மூங்கில் குழாயில் ஊற்றி இறுகவைத்துக் கருப்பட்டி எடுப்பாள். மலாய்க்காரர்கள் அதற்குத்தான் எங்கள் ஊர்ப் பெயரையே வைத்திருக்கிறார்கள். கடைகளில் சீனி என்ற சாமானே கண்ணில் படாத அந்த நாளில், அத்தை கருப்பட்டியை மடியில் கட்டிக்கொண்டு காஜா பேராங்கில் இருந்த எங்கள் வீட்டுக்கு நடந்தே வருவாள். அவள் வாசலுக்கு வருமுன் புகையும் பாகும் கலந்த வாசனை வந்துவிடும். அதற்கும் முன்னால் அவள் குரல் வந்துவிடும்.

"ஊரே இனிப்புக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு அலையுது. மடியில கட்டிக் கொண்டாந்து குடுத்தா வேணாங்கிறா பாரு உன் பெண்டாட்டி!"

இது அப்பாவிடம். அப்பா தையல்காரர். முன்பு ஜாலான் பெண்டஹாராவில் ஒரு துணிக்கடை வாசலில் மெஷின் போட்டிருந்தார். துணியே வராமல் போனபின் மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்து, மாவுச் சாக்கையும் பழைய ஜன்னல் திரைகளையும் கால்சட்டையாக்கிக்கொண்டிருந்தார். அக்காளுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் அவர் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. சண்டை ஆரம்பித்தால் மெஷினை வேகமாக மிதிப்பார். தெருவில் விளையாடிக்கொண்டிருக்கும்போது மெஷின் கடகடவென்று கேட்டால் அத்தை வந்திருக்கிறாள் என்று நான் வீட்டுக்கு ஓடுவேன். எனக்குக் கருப்பட்டி உண்டே!

ஆமாம், எனக்குத் தடை இல்லை. என் நாக்கு ஜப்பான்காரன் வருவதற்கு முந்திய காலத்திலேயே இனிப்பைக் கண்டு கெட்டுப்போனது. இனிமேல் அதைக் காப்பாற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று அம்மா விட்டுவிட்டாள். ஆனால் தம்பி கண்ணில் படக் கூடாது. கொல்லையில் வாழைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து தின்ன வேண்டும். தின்று முடித்து வாய் கொப்பளிக்க வேண்டும். திரும்பி வந்ததும் அம்மா என் வாயை மோந்து பார்ப்பாள். வாசனை இருந்தால் திரும்பவும் கொப்பளிப்பு. ஒரு துண்டு கருப்பட்டிக்கு அரைக் குடம் தண்ணீர் செலவாகும்.

தம்பி ஜப்பான்காரன் வந்த வருஷம் பிறந்தவன். நான் சொல்கிற சமயத்தில் தத்தித் தத்தி நடந்து, இரண்டொரு வார்த்தை பேசிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரிந்த சாப்பாடு அவித்த மரவள்ளிக்கிழங்கு, உப்பு. மறுபடியும் மரவள்ளிக்கிழங்கு, உப்பு. கிழங்கைக் கண்டாலே "உப்பு, உப்பு" என்று இரண்டு கையையும் தட்டுவான். அதற்குப் பெயரே உப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தான் பாவம்.

ஏன் இனிப்பு கூடாது என்று கேட்டால் அம்மா முதலில் பூச்சியைச் சொல்வாள். "வயித்துல பூச்சி பிடிக்கும் அண்ணி. பல்லு சொத்தையாகும்."

"என் நாலு பசங்களும் கருப்பட்டியிலதான் வளந்தானுங்க. வந்து பாரு, பல்லு ஒவ்வொண்ணும் கல்லு!"

"பெரியவனுக்கு முன்பல்லு ரெண்டைக் காணோமே அண்ணி?"

"அது மாமரத்துலேருந்து விழுந்தது! கருப்பட்டியா தள்ளி விட்டுச்சு?"

மெஷின் கடகடக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாள் உச்சுக்கொட்டுவாள். மலாக்கா செட்டிகள் எங்களைப் போலவே சாமி கும்பிடுவார்கள், விபூதி பூசுவார்கள். பேச்சு மட்டும் மலாய். சண்டையில் முக்கால்வாசி அவளுக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் தம்பியைப் பார்த்துப் பார்த்து "கெசியான், கெசியான்" என்பாள். பாவம், பாவம் என்று அர்த்தம். அது அத்தைக்குப் பெரிய பலம்.

ஒரு நாள் பேச்சு முற்றிப்போய், அத்தை "உனக்குப் பிள்ளை மேல பாசமே இல்லடி" என்று சொல்லிவிட்டாள். அம்மா கிழங்கு சீவிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"பூச்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல அண்ணி. இந்தா நிக்கிறாளே மூத்தவ, ஜப்பான் சண்டை வந்து இனிப்பு டின் பால் நின்னு போனப்ப இவ அழுத அழுகை உங்களுக்குத் தெரியாது. காலையில எழுந்தா அழுவா, படுத்தா அழுவா. காலி டின்னுல தண்ணி ஊத்தி அலசிக் குடுத்தேன். அப்புறம் அதுவும் வெறும் தண்ணியாப் போச்சு. என்னால ஒண்ணும் செய்ய முடியல. இவன் நாக்குக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாத வரைக்கும் கேக்க மாட்டான். இன்னிக்கு நீங்க குடுத்துட்டுப் போயிருவீங்க. நாளைக்கு மரத்துல பதநீர் வரலேன்னா, இவன் அழுவான், நான் எங்க போவேன்?"

அத்தை மடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். எனக்கோ தலைகால் புரியாத பெருமை. இவ்வளவு பெரிய சண்டையில் என் அழுகையை அல்லவா ஆதாரமாகக் காட்டியிருக்கிறாள் அம்மா! அன்று சாயங்காலம் தெருப் பிள்ளைகளிடமெல்லாம் நான் எப்படி அழுதேன் என்று அழுதே காட்டினேன்.

அத்தை அதோடு விட்டுவிட்டாள் என்று அம்மா நினைத்தாள். அத்தையை அவளுக்கு அவ்வளவுதான் தெரியும்.

அடுத்த முறை அத்தை வந்தது அம்மா ரேஷன் அரிசி வரிசைக்குப் போயிருந்த காலையில். எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேரே செட்டி அம்மாள் அடுப்படிக்குப் போனாள். வேலிச் சந்து வழியாக என்னையும் சைகை காட்டி அழைத்தாள். உள்ளே இரண்டு பேரும் மரவள்ளியைத் துருவிப் பிழிந்து பிசைந்துகொண்டிருந்தார்கள். செட்டி அம்மாள் ஒண்டே ஒண்டே என்ற பலகாரத்தில் கெட்டிக்காரி. மாவை உருட்டி நடுவில் கருப்பட்டித் துண்டு ஒன்றை வைத்து மூடிக் கொதிநீரில் போட வேண்டும். வெந்ததும் மேலே மிதக்கும். கருப்பட்டி உள்ளே உருகிப் பாகாக நிற்கும். கடித்தால் வாய்க்குள் வெடிக்கும்.

முறைப்படி அதற்குப் பண்டான் இலைச் சாறு பிழிந்து பச்சை நிறம் ஏற்றி, தேங்காய்ப்பூவில் புரட்ட வேண்டும். அத்தை இரண்டும் வேண்டாம் என்றாள். பச்சையாக இருந்தால் அம்மா கண்டுபிடித்துவிடுவாளே! வெள்ளையாக, பார்த்தால் அவித்த கிழங்கு உருண்டை என்று தோன்ற வேண்டும். செட்டி அம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது. தன் கையால் செய்த பலகாரத்தை உடுப்பு இல்லாமல் வெளியே அனுப்புவதா என்று மலாயில் முணுமுணுத்துக்கொண்டே உருட்டினாள். சில உருண்டைகளில் கருப்பட்டி வைக்காமல் உப்பு மட்டும் போட்டார்கள். அவை மேல் அடுக்குக்கு. நான் எதையும் வெளியே சொல்லிவிடாமல் இருக்க அத்தை ஒரு வழி செய்தாள். என் வாய் நிறையக் கருப்பட்டியைத் திணித்தாள்.

அம்மா வியர்த்து வழிந்துகொண்டு வந்தாள். புழுக்காமல் இருக்கச் சுண்ணாம்பு கலந்து, அந்த வாடை அடிக்கும் அரிசி கொஞ்சம் கிடைத்திருந்தது. அதை வைத்துவிட்டு உட்கார்ந்தவளிடம் அத்தை தூக்குச்சட்டியை நீட்டினாள்.

"இன்னிக்குக் கருப்பட்டி இல்லம்மா. உப்புப் போட்ட உருண்டைதான். நீயே தின்னு பாத்துட்டுப் பிள்ளைக்குக் குடு."

அம்மா மேலே இருந்த ஒன்றை எடுத்துக் கடித்தாள். மெதுவாக மென்றாள். "உப்பு கொஞ்சம் தூக்கல் அண்ணி" என்றாள்.

"அடுத்த தடவை குறைச்சுப் போடுறேன்மா" என்றாள் அத்தை.

அம்மா அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். தன் கைப்பக்குவத்தில் குறை சொன்னவர்களை அத்தை வாழ்க்கையிலேயே சும்மா விட்டது கிடையாது. ஆனால் அம்மாவுக்குக் களைப்பு; அதோடு, நாத்தனார் ஒருவழியாகத் தன் பேச்சைக் கேட்டுவிட்டாளே என்ற சந்தோஷம். தம்பியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். மேல் அடுக்கைத் தள்ளி, நன்றாக வெந்ததாகப் பார்த்து ஒன்றைத் தன் கையாலேயே எடுத்து அவன் வாயில் வைத்தாள். வேலிக்கு மேலே செட்டி அம்மாளின் தலை தெரிந்தது. அத்தை முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு முன்னால் குனிந்தாள். அவள் அப்படி ஆசையாக யாரையும் பார்த்து நான் பார்த்ததில்லை.

தம்பி கடித்தான். பாகு பீச்சி அம்மாவின் கன்னத்தில் அடித்தது.

தம்பி அசையவில்லை. கண் இரண்டும் விரிந்தன. சிரிக்கப் போகிறான் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். அவன் முகம் கோணியது. உருண்டையை அப்படியே துப்பினான். நாக்கை வெளியே நீட்டி, இரண்டு கையாலும் தேய்த்துத் தேய்த்து வழித்துப்போட்டான். பிறகு, வாயில் நெருப்பு பட்டவன் மாதிரி வீறிட்டு அழுதான்.

"உப்பு! உப்பு!"

மெஷின் நின்றுவிட்டது. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். இன்றைக்கு வீடு இரண்டாகப் போகிறது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அத்தையின் முகத்தில் ஈயாடவில்லை. "நீதான்மா ஜெயிச்சே" என்றாள். குரல் அவள் குரலாகவே இல்லை. "இந்தப் பிள்ளைக்கு இனிப்புன்னா என்னான்னே தெரியல."

அம்மா கத்தவில்லை. அழுகிற பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயித்தவள் முகமாக அது இல்லை. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் கன்னத்துப் பாகோடு கலந்தது. விரலால் வழித்தாள், என்ன நினைத்தாளோ, அந்த விரலை வாயில் வைத்தாள். அம்மா இனிப்பு தின்று நான் பார்த்ததே இல்லை. தனக்குப் பிடிக்காது என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு விரலைச் சப்பினாள். "அடியம்மா" என்றாள். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தாள். அழுகையும் நிற்கவில்லை, சிரிப்பும் நிற்கவில்லை. அத்தையும் அதே மாதிரி ஆரம்பித்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் மூன்றாவது ஆளும் சேர்ந்துகொண்டாள்.

பெரியவர்கள் சிரிப்பதைக் கண்டு தம்பி அழுகையை நிறுத்தினான். அம்மா சட்டியிலிருந்து இன்னொரு உருண்டையை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். அவன் அவள் வாயையே பார்த்தான். எட்டி அவள் உதட்டுக்குள் விரலை விட்டான். வெளியே எடுத்துப் பார்த்தான். நக்கினான். யோசித்தான். மறுபடியும் விரலை விட்டான்.

அப்புறம் என்ன, சட்டி காலியாகிற வரைக்கும் அவனைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லை. அப்பா எழுந்து வந்து தனக்கு ஒன்றாவது உண்டா என்று எட்டிப் பார்த்தார். உப்பு உருண்டைதான் மிச்சம். அதைத் தின்றுகொண்டே திரும்பிப் போனார். எனக்கு அதுவும் கிடைக்கவில்லை.

அத்தை போனபின், பொழுது சாயும் நேரத்தில் அது தொடங்கியது. தம்பி காலிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அம்மா முன்னால் வைத்தான். உள்ளே கையை விட்டுக் காட்டினான். இல்லை என்றதும் அழுதான், அப்படி ஓர் அழுகை! தரையில் புரண்டு, காலை உதைத்து, மூச்சு பிடித்து. எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது. அம்மா சொன்னது பலித்துவிட்டது. இனி அத்தைக்குச் சரியான பூசை இருக்கிறது என்று காத்திருந்தேன்.

அம்மா அவனைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். உள்ளே கொண்டுபோய்ச் சமாதானப்படுத்துவாள் என்று பார்த்தால், வாசலுக்குக் கொண்டுபோனாள். தெருவில் மேலும் கீழும் நடந்தாள். அவன் வீறிட்டுக் கத்தினான்; இவள் முகத்தில் சிரிப்பு. எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் என்னவாயிற்று பிள்ளைக்கு என்று கேட்டார்கள்.

"இனிப்பு வேணுமாம்" என்றாள் அம்மா. "இன்னும் வேணுமாம்!"

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நான் டின் பாலுக்கு அழுதபோது என்னை இடுப்பில் வைத்துத் தெருவெல்லாம் யாரும் காட்டவில்லை. வீட்டில் இல்லாத ஒன்றைக் கேட்டு ஒரு பிள்ளை இப்படி ஊரைக் கூட்டுவதில் ஒரு தாய் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.