கிடர்பூருக்கு எட்டு பேரிங்குகள்

செவ்வாய், பகல் 1.30

கோரமண்டல் ஐம்பது நிமிடம் தாமதமாக ஹவுராவுக்குள் நுழைந்தது. வண்டி நிற்பதற்கு முன்பே நான் குதித்துவிட்டேன். சென்னையிலிருந்து ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். அதில் பாதியைக் கதவருகே நின்றே கழித்திருந்தேன். சும்மா உட்கார்ந்திருப்பது எனக்கு ஆகாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்பாள் என் மனைவி. தோள் பையில் எட்டு பேரிங்குகள் இருந்தன. எண்ணெய்க் காகிதம், அதன்மேல் நாளிதழ், அதன்மேல் என் வேட்டி என்று சுற்றி எடுத்து வந்திருந்தேன்.

இது 2003 செப்டம்பரில் நடந்தது. நிலத்திலும் நீரிலும் ஓடுகிற எட்டுச் சக்கர வண்டிகளை வரவழைத்து விற்கும் ஒரு சிறிய சென்னைக் கம்பெனியில் நான் சர்வீஸ் இன்ஜினியர். அப்படி ஒரு வண்டியை இரண்டு வருடத்துக்கு முன்னால் கல்கத்தாவில் ஒரு சர்வே கம்பெனிக்கு விற்றிருந்தோம். சுந்தரவனத்துச் சேற்றுத் திட்டுகளை அளக்க அது போய்க்கொண்டிருந்தது. ஜூலை மாதம் ஒரு கால்வாயின் நடுவில், மூன்று சர்வேயர்கள் உட்கார்ந்திருக்க, ஆக்சில் ஓரமாகத் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. சாப்பாட்டு டப்பாக்களால் இறைத்து இறைத்து எப்படியோ கரையேறியிருக்கிறார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வண்டி அன்றிலிருந்து ஷெட்டில் நின்றது. வெள்ளிக்கிழமை காலை அதை ஏற்றிப் போகப் படகு வருகிறது. அதற்குள் பேரிங்குகளை மாற்றியாக வேண்டும்.

பிரீபெய்டு வரிசையில் முப்பத்தைந்து நிமிடம் நின்று, எண்பது ரூபாய்க்கு ஒரு மஞ்சள் டாக்சி பிடித்தேன். டிரைவர் பீகார்க்காரர்.

"நாளைக்கு கூப்பிட்டிருந்தா வந்திருக்க மாட்டேன் பாபு. நாளைக்கு வண்டிக்கு பூஜை," என்றார்.

அவர் வண்டிக்கு ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் ஹூக்ளி பாலத்தில் ஏறி இறங்கி, துறைமுகப் பகுதியான கிடர்பூரில் லாரிகளுக்கும் கைவண்டிகளுக்கும் நடுவே ஊர்ந்தோம். கடைசி ஒரு கிலோமீட்டரில் பாதியைத் தாண்டவே நாற்பது நிமிடம் ஆனது. பொறுக்காமல் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி நடந்தே போனேன்.

மாலை 4.00

ஷெட் வாசலில் சுந்தரேசன் நின்றிருந்தார். சர்வே கம்பெனியின் மேனேஜர். தாத்தா காலத்திலேயே கல்கத்தாவுக்கு வந்துவிட்ட தஞ்சாவூர்க் குடும்பம், கரியாஹாட் பக்கம் வீடு.

"வாங்கோ லிங்கம் சார். உங்க ரிப்போர்ட்டுக்காகத்தான் காத்துண்டிருக்கேன்," என்றார்.

"ரிப்போர்ட்டா? வண்டியை சரி பண்ணத்தானே வந்தேன்?"

"அதுவும்தான். ஆனா ஏன் கெட்டுதுன்னு எழுதித் தரணும். நிர்மல் கவனிக்கலேன்னு நீங்க ஒரு வரி போட்டா போறும். வெள்ளிக்கிழமையே அவனுக்கு டிஸ்மிஸ் லெட்டர் குடுத்துடுவேன். மூணு பேர் உயிர் போயிருக்கும் சார்!"

நிர்மல் என்பவர் அந்த வண்டியை ஓட்டுகிறவர். ஐம்பது வயதிருக்கும். உள்ளே வண்டியின் பக்கத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். ஜூலையில் எல்லாத் தொழிலாளிகள் முன்னாலும் சுந்தரேசன் அவரைக் கன்னாபின்னாவென்று திட்டியிருக்கிறார். அதன் பிறகு அவர் யாரோடும் அதிகம் பேசுவதில்லையாம்.

பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஒரு சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினேன். கடகடவென்று ஆடியது. ஜாக்கியை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்ததில் எட்டில் ஐந்து அப்படி ஆடின. பேரிங் ஆடினால் ஆக்சில் ஓரத்துச் சீல் தேய்ந்து, அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். ஒரு கவரைக் கழற்றினால் பேரிங் குண்டுகள் துருப்பிடித்து, காப்பிப் பொடி மாதிரி ஏதோ கொட்டியது. கிரீஸ் ஏற்றுகிற நிப்பிளைத் துடைத்துப் பார்த்தேன். தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட் இன்னும் அதன் மூக்கிலேயே ஒட்டியிருந்தது. எட்டு நிப்பிளிலும் அப்படித்தான். இரண்டு வருடமாக ஒரு தடவைகூடக் கிரீஸ் கன் அங்கே வைக்கப்படவில்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. யோசிக்காமல் சுந்தரேசனிடம், "கிரீஸே போடலை சார். ஒரு தடவைகூட," என்றேன்.

"சொன்னேனோல்லியோ?" என்றார் அவர்.

நிர்மலுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கிரீஸ் என்ற சொல்லும் என் முகமும் போதுமே. தரையைப் பார்த்துக்கொண்டார். நான் ஸ்பானரைக் கையிலெடுத்தேன். நாளை முழுவதும் வேலை செய்தால் வியாழன் மதியமே முடிந்துவிடும் என்று கணக்கு.

"நாளைக்கு எப்படி சார்? நாளைக்கு விஸ்வகர்மா பூஜை. இந்த ஊர்ல எவனும் ஸ்பானரைத் தொடமாட்டான்," என்றார் சுந்தரேசன்.

நம் ஊர் ஆயுத பூஜை நவராத்திரியோடு வரும், அதற்கு இன்னும் நாள் இருக்கிறது என்ற தைரியத்தில் டிக்கெட் எடுத்தவன் நான். இவர்களுக்கு அது செப்டம்பர் நடுவிலேயே வந்துவிடும் என்று எனக்கு எப்படித் தெரியும்? டாக்சிக்காரர் சொன்னது அப்போதுதான் உறைத்தது.

புதன், காலை 9.00

கிடர்பூர் லாட்ஜில் வாடகை நாளுக்கு இருநூற்றைம்பது ரூபாய். கொசு இலவசம். காலையிலேயே ஷெட்டுக்குப் போய்விட்டேன். யாரும் தொடாவிட்டால் என்ன, நானே தனியாகத் தொடங்கிவிடலாமே என்று ஒரு நப்பாசை.

ஷெட்டே மாறிப்போயிருந்தது. நடுவில் யானைமேல் அமர்ந்த விஸ்வகர்மா. கையில் சுத்தியலோடு ஒரு பட்டமும். காகிதத் தோரணம், ஒலிபெருக்கி, பெரிய அண்டாவில் கிச்சடி. கருவிகள் எல்லாம் சாமி முன்னால் வரிசையாகப் படுத்திருந்தன, ஒவ்வொன்றின் நெற்றியிலும் குங்குமம். நேற்று நான் ஷெட்டில் விட்டுப் போயிருந்த ஸ்பானர் செட்டையும் எடுத்து அங்கே அடுக்கியிருந்தார்கள். நான் குனிந்து ஒன்றை எடுக்கப் போனேன். நிர்மல் என் முழங்கையைப் பிடித்தார். அவர் இந்தியில் பாதி வங்காளம், என் இந்தியில் பாதி தமிழ். ஆனாலும் புரிந்தது.

"வேணாம் லிங்கம்பாபு. இன்னிக்கு அதுங்களுக்கு லீவு."

"வெள்ளிக்கிழமை படகு வருதே நிர்மல்தா!" என்றேன். அண்ணன் என்பதற்கு இங்கே பெயரோடு ஒரு 'தா'.

"வரட்டும். நாளைக்கு ஆறு மணிக்கு நான் இங்க இருப்பேன்."

வேலை போகப்போகிறது என்று தெரிந்த மனிதர் அதைச் சொன்னார். இலையில் கிச்சடி வந்தது. உட்கார்ந்து சாப்பிட்டேன், எழுந்தேன், நடந்தேன், திரும்ப உட்கார்ந்தேன். வானம் முழுக்கப் பட்டங்கள், இந்தப் பூஜையன்று ஊரே பட்டம் விடுமாம். மாடிகளிலிருந்து கத்தல் வேறு. நேரம் நகரவே இல்லை. செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் சாமி முன்னால் இருந்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுத்தியல்களுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு காகிதம் இருந்தது. நடுவில் சந்தனமும் குங்குமமும். பார்த்த எழுத்தாக இருக்கிறதே என்று குனிந்தேன். என் எழுத்துதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் வண்டியை ஒப்படைத்தபோது நான் எழுதிக் கொடுத்த பராமரிப்புக் குறிப்பு, எளிய ஆங்கிலத்தில் பன்னிரண்டு வரி. தொண்ணூறு பக்கப் புத்தகத்தை அன்றைய ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் ஒரே பக்கமாகச் சுருக்கியிருந்தேன்.

"தினமும் பாப்பேன். எட்டாவதுதான் படிச்சேன், ஆனா இதை மனப்பாடமா சொல்லுவேன்," என்றார் நிர்மல்.

ஏழாவது வரி: தண்ணீரிலிருந்து ஏறியதும் சக்கரங்களின் நடுப்பகுதியை நல்ல தண்ணீரால் வேகமாகப் பீய்ச்சிக் கழுவவும். எட்டாவது வரி: செயினுக்கு எண்ணெய் விடவும். புத்தகத்தில் இந்த இரண்டுக்கும் நடுவில் இன்னொன்று உண்டு. கழுவியவுடன் நிப்பிள் வழியாகக் கிரீஸ் ஏற்று, பழைய கிரீஸும் தண்ணீரும் வெளியே வரும்வரை ஏற்று என்பது. அதை நான் எழுதவே இல்லை. மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை தேடினேன். இல்லை.

ஆக, அவர் ஒவ்வொரு தடவையும் நான் சொன்னபடியே பம்ப் வைத்துப் பீய்ச்சியிருக்கிறார். தண்ணீரை பேரிங்குக்குள் தள்ளச் சொன்னதும் நான், அதை வெளியேற்றும் வழியைச் சொல்லாமல் போனதும் நான்.

மாலை 5.30

சுந்தரேசனிடம் சொல்லிவிடுவது என்று கரியாஹாட்டுக்குப் பஸ் ஏறினேன். கூட்டத்தில் ஒற்றைக் காலில் நின்று போய்ச் சேர்ந்தேன். மாமி காப்பி கொடுத்தார். பையன் மாடியிலிருந்து வங்காளத்தில் கத்திக்கொண்டே ஓடி வந்தான். அவனோடு அம்மா தமிழில் பேச, அவன் வங்காளத்திலேயே பதில் சொன்னான்.

"நிர்மலோட லெட்டர் டைப் பண்ணியாச்சு. உங்க ரிப்போர்ட்டைச் சேத்து பின் பண்ணணும், அவ்வளவுதான்," என்றார் சுந்தரேசன்.

வாயைத் திறந்தேன். என் கம்பெனி நினைவுக்கு வந்தது. தப்பு எங்களுடையது என்று நான் எழுதிக் கொடுத்தால் அடுத்த மாதம் எனக்கும் ஒரு லெட்டர் டைப் ஆகும். காப்பி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

வியாழன், காலை 6.00

நிர்மல் எனக்கு முன்பே வந்து வண்டியை மரக்கட்டைகள்மேல் ஏற்றி வைத்திருந்தார். ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றினோம். உள்ளே செயினைப் பிரிக்க வேண்டும், வெளியே கவரின் போல்ட்டுகளை எடுக்க வேண்டும், பிறகு ஆக்சிலை உருவி, புல்லரை மாட்டிப் பழைய பேரிங்கை இழுக்க வேண்டும். நாலாவது ஆக்சிலில் அது துருவோடு ஒட்டிப்போய் அசையவே இல்லை. நான் சுத்தியலை ஓங்கினேன்.

"ஆக்சில் வளைஞ்சுடும் பாபு," என்று நிர்மல் குறுக்கே கை நீட்டினார். மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டு, வெளியே போய்ப் பீடி பற்றவைத்தார். இருபது நிமிடம் நான் ஷெட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். பிறகு அது சொன்னபடி கேட்டு வெளியே வந்தது.

புதிய பேரிங்கை உட்கார வைத்து, சீல் போட்டு, நிப்பிளின் பெயிண்ட்டைச் சுரண்டிக் கிரீஸ் ஏற்றினேன். நிர்மல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன பாபு? இது பேப்பர்ல இல்லையே?"

"இல்லை," என்றேன். கிரீஸ் கன்னை அவரிடம் நீட்டினேன். மீதி ஏழு நிப்பிளுக்கும் அவரே ஏற்றினார், அளவாக, சிந்தாமல்.

மாலை 4.45

எட்டும் முடிந்தன. ஷெட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய குளம் உண்டு. அதில் இறக்கிப் பார்க்க வேண்டும். நிர்மல் ஓட்டுகிற இருக்கையில் அமர்ந்தார், நான் பின்னால். எனக்கு நீச்சல் தெரியாது. வண்டி கரையிலிருந்து சரிந்து இறங்கி மிதந்தது. சக்கரங்களே துடுப்பாகத் தண்ணீரைத் தள்ள, குளத்தின் நடுவுக்கு மெதுவாகப் போனோம். ஆக்சில்களின் ஓரமெல்லாம் விரலால் தடவினேன். எல்லாம் உலர்ந்திருந்தன.

"தண்ணி வரலை," என்றார் நிர்மல். "ஜூலைல அந்த மூணு பேரையும் நான்தான் கொல்லப் பாத்தேன்னு ரெண்டு மாசமா நினைச்சிட்டிருக்கேன் பாபு. வீட்ல சம்சாரத்துக்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன். என்ன தப்பு பண்ணேன்னு மட்டும் தெரியலை."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"நீங்க ஒண்ணும் பண்ணலை நிர்மல்தா. கழுவினதும் கிரீஸ் ஏத்தணும். அதை நான் எழுதலை. விட்டுட்டேன்."

அவர் இன்ஜினை அணைத்தார். வண்டி நடுக்குளத்தில் சும்மா மிதந்தது. கோபப்பட்டுத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. குளத்தின் மறுகரையில் ஒருவர் துணி துவைத்து, அலசி, பிழிந்து முடிக்கிற வரைக்கும் அவர் பேசவில்லை. நானும் எங்கும் எழுந்து போக முடியாத இடத்தில் இருந்தேன்.

"சுந்தரேசன்பாபு என்னை எல்லார் முன்னாடியும் திட்டினாரு," என்றார் கடைசியில். "இதையும் எல்லார் முன்னாடியும் சொல்லணும்."

"சொல்றேன்."

"நீங்க சொன்னா இந்தியில சொல்லுவீங்க. அவங்களுக்கு வங்காளத்துல கேக்கணும்."

வெள்ளி, காலை 8.30

ரிப்போர்ட்டை ஒரே பக்கத்தில் எழுதியிருந்தேன். ஓட்டுநர் கொடுக்கப்பட்ட குறிப்பின்படி தவறாமல் பராமரித்தார், குறிப்பில் கிரீஸ் பற்றிய வரி விடுபட்டதே காரணம், அதை எழுதியவன் நான் என்று பெயரும் கையெழுத்தும் போட்டேன். சுந்தரேசன் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"லிங்கம் சார், இதை நீங்க எழுதித்தான் ஆகணுமா? உங்க வேலைக்கே உலை வெச்சுக்கறேளே!"

"ஆமா சார். அதோட, நீங்க இதை வங்காளத்துல அவங்க எல்லார் முன்னாலயும் படிக்கணும்."

அவர் முகம் சிவந்தது. ஜூலையில் போட்ட கூச்சல் அவருக்கும் நினைவிருந்தது. டைப் செய்து வைத்திருந்த லெட்டரை எடுத்து நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்து ஆட்களைக் கூப்பிட்டார்.

பதினோரு பேர் வந்து நின்றார்கள். நிர்மல் வண்டியின் பக்கத்தில், கைகளைப் பின்னால் கட்டாமல், நேராக நின்றார். சுந்தரேசன் படித்தார். எனக்குத் தெரியாத மொழியில் என் தப்பு வாசிக்கப்பட்டது. என் பெயர் மட்டும் புரிந்தது. மூன்று முறை வந்தது. ஒவ்வொரு முறையும் பதினோரு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். படகின் ஹாரன் ஒலித்தது. பிற்பகல் எனக்கு ரயில். முடிந்தது, கிளம்பலாம் என்று பையைத் தோளில் மாட்டினேன்.

நிர்மல் சுந்தரேசனிடம் ஏதோ சொன்னார். சுந்தரேசன் தயங்கியபடி என்னைப் பார்த்தார்.

"அவன் சம்சாரம் இப்பத்தான் வந்து சேர்ந்தாளாம். முதல்லேருந்து கேக்கலையாம். இன்னொரு தடவை படிக்கச் சொல்றான்."

வாசலில் ஒரு பெண் மூச்சிரைக்க நின்றிருந்தாள். நான் பையைக் கீழே வைத்தேன்.

"படிங்க சார்," என்றேன். "முதல் வரியிலிருந்து."