என் மீன், அவன் மருந்து

என் தம்பியை யாராவது பாராட்டிப் பேசினால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. இதைப் பூசி மெழுகி எழுத எனக்கு வராது.

மண்ணூர்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடி முழுக்க என் சிமெண்ட் தொட்டிகள்தான். கம்பெனியில் ஷிப்ட் முடிந்ததும் நேராக மாடிக்குப் போவேன். கப்பி என்கிற சின்ன அலங்கார மீனை வளர்த்து மீன் கடைகளுக்குக் கொடுக்கிறேன். மீனுக்குத் தீனி கொசுப்புழு. அதற்கென்று ஒரு பழைய டிரம்மில் இலையும் தவிடும் போட்டுத் தண்ணீரில் ஊறவிடுவேன். புழு தானாக வரும். கொசுவாகிப் பறப்பதற்குள் வலையில் அள்ளி மீனுக்குப் போட்டுவிட வேண்டும். கொசு இருக்கிறதா என்று பார்க்க மாநகராட்சி ஆள் வந்தால் டிரம்மின் மேல் கோணியைப் போட்டு மூடிவிடுவேன்.

தம்பி பூந்தமல்லியைத் தாண்டி ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறான். நொச்சி இலைச் சாற்றில் வெள்ளி உப்பைக் கலந்தால் டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கு வரும். அதில் கண்ணுக்கே தெரியாத வெள்ளித் துகள்கள் இருக்கும், நானோ துகள் என்பான். தண்ணீரில் விட்டால் கொசுப்புழு செத்துப்போகும்.

தண்ணீர் லாரி வரிசையில் நின்று அம்மா சொன்னது என் காதிலேயே விழுந்தது.

“பெரியவன் கொசு வளக்குறான், சின்னவன் கொசுவ சாவடிக்கிறான். ரெண்டயும் நான்தாம்மா பெத்தேன்.”

குடத்தோடு நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

ஒரு நாள் தம்பி மாடிக்கு வந்தான்.

“அண்ணா, கொஞ்சம் கப்பி வேணும்.”

“எதுக்கு?”

“புழு செத்தா மட்டும் போதாதுண்ணா. அதே தண்ணில மீனு உயிரோட கீதான்னு காட்டணும். இல்லன்னா இவ்ளோ நாள் செஞ்ச வேல வேஸ்ட்டு.”

“நான் குடுக்கலன்னா?”

“கொளத்தூர் மீன் கடைல வாங்கிக்கிறேன்.”

மீன் செத்து அவன் வேலை வீணாக வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் நோஞ்சான் மீனைக் கொடுத்து அது செத்தால், மீன்தான் சரியில்லை என்று தப்பித்துக்கொள்வான். அதனால் நல்ல சினைப் பெட்டைகளாகப் பார்த்துப் பிடித்துக் கொடுத்தேன். கவனித்துக்கொள்ள நானும் அடிக்கடி கல்லூரிக்கு வருகிறேன் என்றேன். சாவதைப் பார்க்கத்தான்.

புழு செத்தது. மீன் சாகவில்லை. அம்மா தெருவுக்கே சொல்லிவிட்டாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் கல்லூரிக்குப் போனேன். காற்றுக் குழாய் ஓடியும் பெட்டைகள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. அவை ஈன்ற குஞ்சுகளெல்லாம் செத்து அடியில் கிடந்தன. சிலவற்றின் முதுகு வளைந்திருந்தது. மருந்து விடாத பக்கத்துத் தொட்டியில் குஞ்சுகள் துள்ளிக்கொண்டிருந்தன. தம்பி குத்துக்காலிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. செத்தது என் மீன்கள் என்று அப்புறம்தான் உறைத்தது.

“போச்சா?”

“போச்சுண்ணா.”

“பெரிய மீனு உயிரோடதான கீது. அத்த மட்டும் எழுதிடு. குஞ்ச எவன் வந்து பாக்கப்போறான்?”

அவன் பொய் எழுதி ஒரு நாள் மாட்ட வேண்டும் என்ற ஆசையில்தான் சொன்னேன்.

“நல்லதுன்னு நம்பி நாளிக்கு ஏரில ஊத்துவாங்கண்ணா. மீனு வம்சமே பூடும்.”

உள்ளதை உள்ளபடி எழுதினான். ஆராய்ச்சிக்காரர்கள் கூட்டம் ஒன்றில் அதைப் பேசவும் செய்தான். இனியாவது அடங்குவான் என்று நினைத்தேன். ஆனால் குஞ்சுகளையும் கவனித்துச் சொன்னதற்காக எழுந்து நின்று கைதட்டினார்களாம். கேடயம் வேறு கொடுத்தார்கள்.

அம்மா அதை டிவி மேல் வைத்தாள். “அந்த மருந்து மீன் குஞ்சுக்கு ஆவாதுன்னு எம் புள்ளதான் கண்டுபுடிச்சான்” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். மீன் யாருடையது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

போன ஞாயிறு தம்பி மறுபடி மாடிக்கு வந்தான். மருந்தின் அளவைக் குறைத்துப் பார்க்கப்போகிறானாம்.

“எடுத்துக்கடா. இதுங்களும் செத்தா இன்னொரு கேடயம் குடுப்பானுங்க.”

“ஏண்ணா இப்டி பேசுற? பொழச்சா எனக்கும் நல்லதுதான்.”

அதுதான் என் எரிச்சலே. செத்தாலும் கைதட்டல் அவனுக்கு, பிழைத்தாலும் அவனுக்கு. பிழைத்தால் எனக்கு என் மீனாவது மிஞ்சும். வலையை எடுத்து, வயிறு நன்றாக இறங்கி, குஞ்சு போடும் நிலையில் இருந்த பெட்டைகளாகப் பார்த்துப் பிடித்துக் கொடுத்தேன்.