விளக்கெண்ணெய் தடவிய பெல்ட்

மரக்காணம் ரோட்டில் ஒரு மெக்கானிக் இருந்தார். வலது கையில் இரண்டே விரல். மீதியை உப்பளத்து இன்ஜின் பெல்ட் இழுத்துக்கொண்டதாம். எந்த வண்டியையும் முதலில் மோந்துதான் பார்ப்பார்.

ஆரோவில் வெள்ளைக்காரர் ஒருவர் சல்லிசாக விற்ற பழைய டீசல் காரை அவரிடம் கொண்டுபோனேன்.

"டைமிங் பெல்ட்ட மாத்தணுமா, இன்னும் கொஞ்ச நாள் ஓடுமா?"

குனிந்து மோந்தார். "ஏம்பா, இதுல என்ன தடவின?"

"விளக்கெண்ணெய். எங்க உப்பளத்துல தோல் பெல்ட்டுக்கு அதானே தடவுறோம்."

பளாரென்று அறைந்தார். கத்தியை எடுத்து பெல்ட்டை இரண்டாக அறுத்து என் காலடியில் வீசினார்.

"இது ரப்பரு. எண்ணெயில ஊறுனா பெல்ட்டு பல்லு பேந்துடும். ஓடுறப்ப அறுந்தா இன்ஜினே நொறுங்கிடும். இப்ப யோசி, மாத்தணுமா வேணாமான்னு."

மாற்றினேன். அன்று கண்ணாடியில் பார்த்தபோது கன்னத்தில் இரண்டு விரல்தான் பதிந்திருந்தது. பதியாத மூன்று விரல்களைத்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.