ஆடி வெள்ளியில் நான் திருப்பிக் கேட்ட வேண்டுதல்

மாரியம்மனை நம்பியிருக்கும் எல்லோருக்கும் வணக்கம். இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் யோசித்தேன். என் கணவர் சாகக் கிடந்தார். அதற்கு நான்தான் காரணம் என்று நம்பிக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பயம் எதிரிக்கும் வரக் கூடாது.

என் கணவர் பரமசிவம், அலங்காநல்லூர் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பி.டி. மாஸ்டர். நாங்கள் வண்டியூரில் குடியிருந்தோம். அவருக்கு ஃபுட்பால்தான் உயிர். வற்றிப்போன கண்மாய்தான் மைதானம். மூங்கில் நட்டு கோல் போஸ்ட் வைப்பார்கள். விட்டுவைத்தால் யாராவது விறகுக்குத் தூக்கிப் போய்விடுவார்கள் என்று ஆட்டம் முடிந்ததும் பிடுங்கிப் பள்ளிக்கூடத்தில் போட்டுவிடுவார்கள். விடியும் முன்னே முதல் பஸ்ஸில் போகிற மனுஷர், இருட்டிய பிறகுதான் வருவார். ஞாயிற்றுக்கிழமையும் மேட்ச். எங்கள் மகளுக்குக் காது குத்துகிற அன்று, தாய்மாமன் மடியில் பிள்ளை அலறுகிறாள், அப்பாவைக் காணோம். பேரையூரில் செமிஃபைனலாம்! சாயங்காலம் ஒரு கோப்பையோடு வந்து பல்லைக் காட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கோப்பையில் புளியைப் போட்டு அடுப்படியில் வைத்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஆடி மாதம். தெப்பக்குளத்து மாரியம்மனுக்கு வெள்ளி தவறாமல் மாவிளக்குப் போடுவதாக நேர்ந்துகொண்டேன். "தாயே, இவரை இனிமேல் அந்த மைதானத்தை மிதிக்க விடாதே." இதுதான் என் வேண்டுதல். முதல் வெள்ளி போட்டேன். இரண்டாம் வெள்ளியும் போட்டேன்.

மூன்றாம் வெள்ளி காலையில், மாவில் வெல்லத்தைப் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்குப் போன் வந்தது. அந்த வீட்டு அக்கா ஓடி வந்து, "அடியே, கிளம்புடி. உன் வீட்டுக்காரரைக் கண்மாய்ல பாம்பு கடிச்சிருச்சாம். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு வாராங்களாம்" என்றார். கையில் மாவோடு நின்றேன். அம்மன் கேட்டுவிட்டாள் என்றுதான் முதலில் தோன்றியது.

நடந்ததைப் பையன்கள் பிறகு சொன்னார்கள். பந்து கருவேல முள்ளுக்குள் போனால் இவர்தான் எடுப்பார். பையன்களை உள்ளே விட மாட்டார். அன்றும் போனார். காலில் சுருக்கென்றது. அந்தக் கண்மாயில் முள் குத்தாத கால் ஏது? "முள்ளுதான்டா" என்று காலை உதறிவிட்டு, விசிலை ஊதிக்கொண்டு பையன்களோடு ஓடியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் இமை சொருகியது, பேச்சு குழறியது. காலைப் பார்த்தால் இரண்டு பல் தடம். அப்போதும் ரோட்டுக்கு நடந்தே வருகிறேன் என்று எழுந்திருக்கிறார்.

டீம் கேப்டன் முத்துப்பாண்டி விடவில்லை. "சார், விழுந்தவன் நடக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க? படுங்க சார்" என்று அதட்டியிருக்கிறான். யாராவது அடிபட்டு விழுந்தால் எப்படித் தூக்குவது என்று சனிக்கிழமைதோறும் ஒரு பயிற்சி வைப்பார் இவர். "விளையாடப் போறாங்களா, பாடை கட்டப் போறாங்களா?" என்று நான் கேலி பேசியிருக்கிறேன். இப்போது பையன்கள் கோல் போஸ்ட் மூங்கிலைப் பிடுங்கி, பனியன்களைக் கழற்றி அதில் மாட்டி, அவரைக் கிடத்தி ரோடு வரைக்கும் தூக்கி வந்தார்கள். வந்த பஸ்ஸை மறித்தார்கள். டிரைவர் எந்த ஸ்டாப்பிலும் நிறுத்தாமல் நேரே ஆஸ்பத்திரி வாசலில் கொண்டு வந்து விட்டார்.

நான் போனபோது அவர் வாயில் குழாய் செருகியிருந்தது. தானாக மூச்சு விட முடியவில்லை. மூச்சுக்கான மெஷின்களில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். குழாயில் ஒரு ரப்பர் பையை மாட்டிக் கொடுத்து, விஷமுறிவு மருந்து வேலை செய்யும்வரை விடாமல் அமுக்கச் சொன்னார்கள். அமுக்கினால் மூச்சு உள்ளே போகும். நிறுத்தினால் அவ்வளவுதான். கூட ஒரு நர்ஸ் நின்று பார்த்துக்கொண்டார்.

"ஆளுக்குப் பத்து நிமிசம். கை வலிக்கிறதுக்கு முன்னாடியே ஆளை மாத்திரணும். வலிச்சப்புறம் மாத்துனா லேட்டுன்னு சார் சொல்லிருக்காரு" என்று முத்துப்பாண்டி முறை போட்டான். காலை முழுக்க மாற்றி மாற்றி அமுக்கினார்கள். மத்தியானம் என்னைப் பார்த்து, "அம்மா, நீங்க ஒரு தடவ வாங்க" என்றான்.

"என் கை வேணாம்டா."

"ஏம்மா?"

"இவர் மைதானத்துக்கே போகக் கூடாதுன்னு நான்தான்டா அம்மன்கிட்ட வேண்டிக்கிட்டேன்." சொல்லிவிட்டேன். அதுவரை யாரிடமும் சொல்லாதது.

"அதப் பெறகு அம்மன்கிட்டப் பேசிக்கங்க. இப்பக் கையக் குடுங்க. அமுக்குங்க... விடுங்க."

பையை வாங்கி அமுக்கினேன். ஒரு அமுக்கு தப்பினால் போய்விடுவார். ஒவ்வொரு அமுக்குக்கும் கேட்டேன். "தாயே, புத்தி கெட்டுப்போய்க் கேட்டுவிட்டேன். அதை விட்டுவிடு. இவரை அந்த மைதானத்துக்கே அனுப்பு. ஞாயிற்றுக்கிழமையும் அனுப்பு. நான் வாயே திறக்க மாட்டேன்." கண்ணீர் அவர் கை மேல் சொட்டியது. துடைக்க எனக்குக் கை இல்லை.

நான்கு மணிக்கு மேல் இமை லேசாகத் தூக்கியது. பிறகு ஒரு விரல் அசைந்தது. பொழுது சாய்வதற்குள் நெஞ்சு தானாக ஏறி இறங்கத் தொடங்கியது. டாக்டர் பையன்களைப் பார்த்து, "நடக்க விட்டிருந்தா வழியிலேயே முடிஞ்சிருக்கும்" என்றார். அத்தனை பேரும் அப்போதுதான் அழுதார்கள்.

பேச்சு வந்ததும் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். தொண்டை கட்டிய குரலில் சிரித்தார். "என்னைய நிறுத்தணும்னா அந்த ஆத்தாளுக்கு ஒரு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் போதாதா? பாம்ப எதுக்குடி அனுப்பப் போறா?"

புரட்டாசியில் மறுபடி முதல் பஸ்ஸில் போனார். நான் வாய் திறக்கவில்லை. பையன்களின் பனியன்களைத் துவைத்தேன், சுண்டல் அவித்துக் கொடுத்தேன், காது குத்துக்கு வராத கதையைச் சொல்லிச் சிரிக்கவும் பழகிவிட்டேன். இன்னும் ஒன்பது வருடம் அந்தக் கண்மாயில் விசில் ஊதினார். பிறகு ஒருநாள் வீட்டில், நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தார்.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் முத்துப்பாண்டி வந்தான். அவனும் அப்போது பி.டி. மாஸ்டர். வாசலிலேயே தயங்கி நின்றான். "அம்மா, தப்பா நெனைக்காதீங்க. சார் போனதுலருந்து பிராக்டிஸ் இல்ல. பசங்க வந்து வந்து திரும்புறாங்க. ஆரம்பிக்கட்டுமா?"

அந்த மைதானம் வேண்டாம் என்று மாவிளக்குப் போட்டவள் நான். என்னிடம் வந்து கேட்கிறான்.

"நாளைக்கே ஆரம்பிடா. முதல் பஸ்ஸுக்கு நானும் வாரேன்" என்றேன்.

தப்பாக ஒன்றை வேண்டிவிட்டுப் பயந்துகொண்டு இதைப் படிக்கிறவர் யாராவது இருப்பீர்கள். அந்த அம்மனிடமே போய்ச் சொல்லிவிடுங்கள். ஆத்திரத்தில் நாம் சொல்கிற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தண்டிக்கிறவள் இல்லை அவள். எனக்கு ஒன்பது வருடம் கொடுத்தாள்.